சம்மணத்துக்கு எத்தனை டிகிரி?

போன தை மாதத்திலிருந்து என் இடது தோளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சட்டை மாட்டும்போது ஒத்துழைக்க மறுக்கும். டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கலாம் என்றால் பாதி வழியில் நின்றுவிடும். ஒருநாள் பரண் மேலிருக்கும் அண்டாவை எடுத்துத் தரச் சொன்னாள் மனைவி. கையைத் தூக்கினேன். காது வரைகூட வரவில்லை.

"வேலை சொன்னாத்தான் வலிக்குமோ?" என்றாள்.

சொந்த வீட்டில் இப்படியொரு சந்தேகம் வந்தபின் சும்மா இருக்க முடியுமா? ஒரு கிளினிக்குக்குப் போனேன். (எங்கே என்று கேட்காதீர்கள். மதுரையில் மூட்டுவலிக்குக் கிளினிக் இல்லாத தெரு எங்கே இருக்கிறது?) படுக்க வைத்து, தோளைச் சுற்றி நாலு ரப்பர் வில்லைகளை ஒட்டி, ஸ்விட்சைப் போட்டுவிட்டு அந்த இளைஞர் டீ குடிக்கப் போய்விட்டார். எறும்பு ஊர்வது மாதிரி சுகமாகத்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் மெஷின் 'கீங்' என்றது. "நாளைக்கு வாங்க சார்" என்றார். நாளைக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். பதினைந்து நாள் போனேன். கை ஒரு அங்குலம் கூட உயரவில்லை. உயர்ந்ததெல்லாம் பில்தான்.

எங்கள் மாடி வீட்டுக்காரர் பெண் பி.பி.டி. மூன்றாம் வருடம் படிக்கிறாள். பிசியோதெரபி பட்டப்படிப்பு. "பி.காம். மாதிரியாம்மா?" என்று ஒருமுறை கேட்டு அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள்தான் படியில் என்னை மடக்கினாள்.

"மாமா, கைய எந்தெந்தப் பக்கம் அசைக்கச் சொன்னாங்க?"

"அசைக்கவே சொல்லலையேம்மா. கரண்ட் வெச்சாங்க."

"கரண்ட் வெச்சா ஃபேன் சுத்தும் மாமா. தோளை நீங்கதான் சுத்தணும்."

அன்று முதல் எங்கள் ஹால் சுவரில் பென்சில் கோடுகள். சுவர் ஓரம் நின்று, விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் கோடு. குழந்தைக்கு உயரம் குறிப்பது போல மனைவி தேதியோடு குறித்து வைத்தாள். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை, நனைந்து காய்ந்த காடாத் துணி மாதிரி சுருங்கி இறுகிவிடுகிறதாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம். அதைக் கேட்டதும் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், போன வாரம் விளக்குத்தூண் பக்கம் ரகசியமாகக் குடித்த ஜிகர்தண்டா, டம்ளரோடு தெரிந்தது.

நான் கரண்டைக் குறை சொல்வது சொந்தக் கடுப்பில் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் 'நைஸ்' என்ற அரசு அமைப்பு, 2016-ல் கீழ் முதுகு வலிக்கான சிபாரிசுகளை வெளியிட்டது. அல்ட்ராசவுண்ட் வைத்தியம், கரண்ட் வைத்தியம் இதெல்லாம் வேண்டாம், உடற்பயிற்சி செய்ய வையுங்கள் என்பது அதன் சாரம். முப்பத்தைந்து, நாற்பது வருடத்துக்கு முன்னால் என் பெரியப்பாவுக்கு இடுப்புப் பிடித்தபோது மூன்று வாரம் மரப் பலகையில் மல்லாத்திப் போட்டார்கள். அப்போது அதுதான் வைத்தியம். அசையக் கூடாது! மூன்று வாரம் கழித்து எழுந்த பெரியப்பாவுக்கு இடுப்பு வலி அப்படியே இருந்தது, கால் மட்டும் குச்சியாகியிருந்தது. இன்றைக்கு அதே வலியோடு போனால், "முடிஞ்ச வரைக்கும் நடங்க" என்கிறார்கள். ஹார்ட் அட்டாக் வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்த காலமும் உண்டு. இப்போது ஓரிரு நாளில் எழுப்பி உட்கார வைக்கிறார்கள்.

வைத்தியம் இப்படித் தலைகீழாகும்போது அதைப் படிக்கிற பாடமும் மாறித்தானே ஆக வேண்டும்? மாறுகிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

2021-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. டாக்டர், நர்ஸ், பல் வைத்தியர், மருந்தாளுநர் தவிர ஆஸ்பத்திரியில் நடமாடும் மற்றப் பேருக்கெல்லாம் (எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் செய்பவர், பிசியோதெரபிஸ்ட் இப்படி) ஒரு தேசிய ஆணையம். அந்த வழியில் 2025 ஏப்ரலில் பத்துத் தொழில்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான புதுப் பாடத்திட்டம் வந்தது. அதில் பிசியோதெரபியும் ஒன்று. நம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு நாலு வருடமும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும். புதுத் திட்டத்தில் இன்டர்ன்ஷிப் முழுசாக ஒரு வருடம். ஆக மொத்தம் ஐந்து.

அது மட்டுமில்லை, 'திறன் அடிப்படைப் பாடத்திட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பயந்துவிடாதீர்கள். பரோட்டா போடுவது எப்படி என்று பத்து மார்க்குக்கு எழுதிவிட்டு பாஸாகிவிட முடியாது, மாவை வீசிக் காட்ட வேண்டும் என்று அர்த்தம். நல்ல யோசனைதான். எனக்கு ரப்பர் வில்லை ஒட்டிய இளைஞர் பரீட்சையில் நல்ல மார்க்கே வாங்கியிருப்பார்.

ஆனால் இந்தப் பாடத்திட்டம் வந்தபின் நாடே எதைப் பற்றிப் பேசியது தெரியுமா? படித்து முடித்தவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா, கூடாதா! போடலாம், பின்னால் 'பி.டி.' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது பாடத்திட்டம். 2025 செப்டம்பர் 9-ம் தேதி மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகத்திலிருந்து 'கூடாது, எடுத்துவிடுங்கள்' என்று ஒரு கடிதம். மறுநாள் 10-ம் தேதி அதே இடத்திலிருந்து 'அந்தக் கடிதம் வாபஸ், இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது' என்று இன்னொரு கடிதம். எங்கள் தெரு சாக்கடை மூடிக்காக நான் எழுதிய மனுவுக்கு மூன்று வருடமாகப் பதில் இல்லை. இந்த விஷயத்தில் ஒரே நாளில் பதிலுக்குப் பதில்! பிறகு விவகாரம் கோர்ட் வரைக்கும் போயிற்று. போடலாமா கூடாதா என்பதில் எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. சொன்னால் மாடி வீட்டிலிருந்து வரும் முறுக்கு நின்றுவிடும். நுழைவுத் தேர்வு பற்றிய சண்டை தனி. அதற்குள் போனால் பக்கம் போதாது.

எனக்கு அந்த ஐந்து வருடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கவலை. அதற்குக் காரணம் என் அத்தை.

செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அறுபத்திரண்டு வயசு. மல்லிகைப் பூக் கட்டுவதில் அத்தையை மிஞ்ச ஆளில்லை. பேசிக்கொண்டே கட்டும், திட்டிக்கொண்டே கட்டும், டி.வி. பார்த்துக்கொண்டே கட்டும். விரல் மட்டும் தனியாக ஓடும். போன ஆடியில் கண்மாய்க் கரையில் வழுக்கி விழுந்து முட்டிச் சிப்பி இரண்டாகிவிட்டது. மதுரைக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் செய்து கம்பி போட்டுக் கட்டினார்கள். எலும்பு அழகாகச் சேர்ந்துவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சந்தோஷப்பட்டார். அத்தை சந்தோஷப்படவில்லை. முட்டி மடங்க மாட்டேன் என்றது.

ஊருக்குப் போய்ப் பார்த்தேன். அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பஞ்சாயத்துக்கு வந்த வெளியூர் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்கு அத்தை?"

"என்னத்தச் சொல்ல மருமகனே. இந்த நாக்காலியில உக்காந்து கட்டுனா பூவு மடியில நிக்க மாட்டேங்குது. அது கெடக்கட்டும்…" என்று குரலைத் தாழ்த்தியது. "வெளிய போறதுக்கு மருமக கையப் புடிக்க வேண்டியிருக்குய்யா. அவ ஒண்ணும் சொல்லல. எனக்குத்தேன் செத்துரலாம் போல இருக்கு."

பின்கட்டில் இருப்பது குத்தவைக்கிற கழிப்பறை. அதற்கு மேல் ஓட்டை போட்ட ஒரு நாற்காலியை வைத்திருந்தார்கள். எப்போதும் அதட்டிப் பேசும் அத்தை அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது.

மாடி வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். டிகிரி முடித்து வேலையிலிருக்கும் தன் சீனியர் அக்காவை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பையிலிருந்து பெரிய காம்பஸ் மாதிரி ஒன்றை எடுத்து முட்டியில் வைத்து அளந்தார்கள். கோனியாமீட்டராம்.

"எண்பத்தஞ்சு டிகிரி மடங்குது" என்றாள். "நூறு, நூத்திப் பத்து வந்துட்டாப் போதும் பாட்டி. மாடிப்படி ஏறலாம், நாற்காலியிலருந்து எழுந்திரிக்கலாம். எங்க புஸ்தகத்துல அதான் டார்கெட்."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தது. "ஏந் தாயி, இந்த வீட்டுல மாடிப்படி எங்க இருக்கு?"

பெண் சுற்றிப் பார்த்தாள். ஓட்டு வீடு. மாடிப்படி இல்லை. நாற்காலியும் அந்தப் பிளாஸ்டிக் ஒன்றுதான், அதுவும் இரவல். கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கீழே உட்கார்ந்து கீரை ஆய வேண்டும். கீழே உட்கார்ந்து பூக் கட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் குத்தவைத்தாக வேண்டும். குத்தவைக்கவும் சம்மணம் போடவும் முட்டி 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும் என்று சீனியர் அக்கா சொன்னார். நாற்காலிக்காரர்களுக்கு 110 போதும். இடையிலிருக்கும் அந்த இருபது டிகிரியில்தான் அத்தையின் மானம் இருந்தது.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெண் பேசவே இல்லை. நாகமலை தாண்டியபின், "மூணு வருஷமா படிக்கிறேன் மாமா. நடக்கிறது எப்படின்னு ஒரு பாடமே இருக்கு, குதிகால் எப்பத் தரையில படுது, கட்டைவிரல் எப்ப எழும்புதுன்னு. சம்மணம் போடறதப் பத்தி யாரும் ஒரு மார்க்குக்குக் கூடக் கேட்டதில்லை" என்றாள்.

கேட்க மாட்டார்கள்தான். இந்தப் படிப்பு பிறந்த வீடு அப்படி. 1813-ல் ஸ்வீடனில் லிங் என்பவர் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஆரம்பித்தார். 1894-ல் லண்டனில் நாலு நர்ஸுகள் சேர்ந்து, மசாஜ் என்றாலே ஜனங்கள் ஒருமாதிரி பார்க்கிறார்களே என்று, முறையாகப் பயின்றவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தார்கள். இந்தியாவுக்கு இந்தப் படிப்பு வந்தது போலியோவின் புண்ணியத்தில்: 1950-களின் தொடக்கத்தில் பம்பாயில் போலியோ குழந்தைகளுக்காக, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பள்ளி ஆரம்பித்தார்கள். கூடவே புத்தகமும் வந்தது. புத்தகத்தோடு நாற்காலியும் வந்துவிட்டது.

புத்தகத்தைத் திட்டவில்லை. ஸ்டாக்ஹோமில் யார் குத்தவைக்கிறார்கள்? ஆனால் நம் ஊரில் உடம்பு படுகிற பாடு வேறு. செல்லூரில் தறிக்குழிக்குள் காலை விட்டு நாளெல்லாம் மிதிக்கிறார்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் கழுத்தைக் குனிந்து, கடுகு மாதிரி முடிச்சுகளை ஆயிரக்கணக்கில் போடுகிறார்கள். விளாச்சேரியில் தரையில் உட்கார்ந்து கொலு பொம்மை பிடிக்கிறார்கள். கீழமாசி வீதியில் ஒருவர் முதுகில் மூட்டையோடு போவதைப் பார்த்தால் நமக்கு இடுப்பு வலிக்கிறது. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். திமிலைப் பிடித்துத் தொங்கிய பையனுக்குத் தோள் நழுவினால், சரியாகப் பயிற்சி கொடுக்காவிட்டால், அடுத்த தைக்கும் நழுவும். இவர்கள் ஒவ்வொருவரையும் அவரவர் வேலைக்குத் திருப்பி அனுப்புவது எப்படி என்பதல்லவா மதுரையில் படிக்கிற பிள்ளைக்குப் பாடம்? பஸ்கி என்றால் என்ன, கர்லா சுற்றும்போது தோளில் எது வேலை செய்கிறது, தோப்புக்கரணத்தில் முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது — இதெல்லாம் ஏன் பரீட்சைத் தாளில் வரக் கூடாது? எங்கள் டிரில் மாஸ்டர் இருந்திருந்தால் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார். (எங்களுக்கும் வாங்கிக் கொடுத்திருப்பார், பிரம்போடு.)

இதை யாரும் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பாவம். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அங்கே நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கும். திரும்பிப் போகப்போவது ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு இல்லை, வீட்டுக்குத்தானே? வீட்டு ஆட்களும் பழகிக்கொள்ள வேண்டாமா? அந்தம்மாளே சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறிப் பழகியவர். அவருக்கு இதை யாரும் பாடமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடிப் போக வேண்டும் என்று வைத்தார்கள். சர்க்கரை மாத்திரையோடு முடக்கு நீக்கும் பயிற்சியும் வாசலுக்கு வந்தது. அதனால் என்னைக் கேட்டால் (யாரும் கேட்கவில்லை) கூடுதலாகக் கிடைத்திருக்கும் அந்த ஆறு மாத இன்டர்ன்ஷிப்பை ஏ.சி. ரூமில் மெஷினுக்குக் காவலாகப் போட்டுவிடாதீர்கள் என்பேன். அதில் ஒரு மூன்று மாதமாவது நாற்காலி இல்லாத வீடுகளுக்கு அனுப்புங்கள். மார்க் போடுவதற்கு அந்த வீட்டு ஆள் சொல்வதையும் கேளுங்கள். கூடுதல் ஆறு மாதம் என்பது மாடி வீட்டுக்காரர் மாதிரி ஆட்களுக்கு இன்னும் ஆறு மாதம் மெஸ் பில். தன் பெண் பழைய திட்டத்தில் தப்பித்துவிட்டாள் என்று அவர் சந்தோஷப்படுகிறார். காசு கொடுத்து வாங்கும் ஆறு மாதத்தில் என்ன கற்றுத் தருகிறார்கள் என்று அடுத்து வரும் அப்பாக்கள் கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வகுப்பில் அத்தனையும் இங்கிலீஷ். வார்டுக்கு வந்ததும் அதே பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் பெண்ணே முதல் நாள் அத்தையிடம், "பாட்டி, ரிலாக்ஸா ஹீலை ஸ்லைடு பண்ணுங்க" என்றாள். அத்தை என்னைப் பார்த்து, "என்ன சொல்லுது இந்தப் புள்ள?" என்றது. "குதிகாலத் தரையில தேச்சுக்கிட்டே பைய உள்ள இழு அத்தை" என்றேன். உடனே செய்தது.

சரி, அத்தை கதைக்கு வருகிறேன். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டு, எலும்பு தாங்கும், மெதுவாக மடக்கலாம் என்று அனுமதி வாங்கினார்கள். அப்புறம் அந்த இரண்டு பெண்களும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டிலிருந்த மணைப் பலகைகளைத் தேடினார்கள். நாலு மணை கிடைத்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் அத்தையை உட்கார வைத்து, எதிரே பூக்கூடை. கூடையை எட்டக் குனிந்தால் முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கும். காலையும் மாலையும் குதிகால் தேய்ப்பு, தொடைக்குப் பலம் வர மணல் மூட்டையைக் கட்டிக் காலை நீட்டுவது. வலித்தால் நிறுத்தலாம், ஆனால் மறுநாள் மறுபடியும் உண்டு. பத்து, பதினைந்து நாளைக்கு ஒரு மணையை உருவிவிடுவது. அவ்வளவுதான் மெஷின்!

முதல் மணை போனபோது அத்தை அவர்கள் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டியது. இரண்டாவது மணையை உருவிய அன்று காம்பஸ் 112 காட்டியது. புத்தகக் கணக்குப்படி அன்றோடு வைத்தியம் முடிந்தது. மூன்றாவது போனபோது 124. மருமகளின் கை வேண்டாம், சுவரில் அடித்த ஒரு மரப்பிடி போதும் என்றாயிற்று. அந்த ஓட்டை நாற்காலி இப்போது கோழிக் கூண்டுக்கு மேல் கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது அத்தை ஒற்றை மணையில் உட்கார்ந்து, வலது காலை மடித்து, இடது காலை முக்கால்வாசி மடித்து, நாரை முட்டியில் தேய்த்துத் தேய்த்துக் கட்டிக்கொண்டிருந்தது. என் மனைவிக்கென்று நாலு முழம் தனியாக வாழை இலையில். பெண் காம்பஸை வைத்துப் பார்த்தாள். "128 பாட்டி!"

"அதென்னமோ. அந்தக் கடைசிப் பலகைய எப்பத்தேன் உருவப்போற?"

"இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க பாட்டி. அவசரப்படக் கூடாது."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லை தாயி" என்றது அத்தை, கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாவுச் சட்டியத் தெறந்து போட்டு வெச்சிருக்கா மருமக. மூடி வெக்க அந்தப் பலகைதேன் தோதா இருக்கும்."